சவுக்குக் கிளையும் ரோமானியச் சூரியனும்: வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பங்கு ஒரே வாட்ஸ்அப் செய்தியைப் பற்றியது. டிசம்பர் 25 சூரியதேவனின் பிறந்தநாள், மரம் ஆதியாகமத்தில் வரும் நிம்ரோது அரசனுடையது, தாத்தா உண்மையில் ஓடின் என்ற வடநாட்டுத் தேவன், இதையெல்லாம் கொண்டாடுகிறவன் விக்கிரக ஆராதனைக்காரன் என்று சிவப்பு எழுத்தில் வருகிற அந்தச் செய்தி பழைய வடஆற்காடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது போலிருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது, அரைகுறையும் இருக்கிறது, வெறும் கதையும் இருக்கிறது. பிரித்துப் பார்க்க நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே: இந்த வழக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய சான்று எந்தக் காலத்தது, எழுதியவர் யார்?

ரோமானியர் டிசம்பர் 25-ல் சூரியனுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள், சபை அந்த நாளை அப்படியே எடுத்துக்கொண்டது என்று எங்கள் பாஸ்டர் பிரசங்கித்தார். சரியா?
— ராணிப்பேட்டை வாசகர்

முதல் பாதி சரி. "எடுத்துக்கொண்டது" என்ற இரண்டாவது பாதிக்குத்தான் சான்று போதவில்லை.

ரோம் நகரில் கி.பி. 354-ல் வாலண்டினஸ் என்ற செல்வந்தருக்காக ஃபிலோகாலஸ் என்ற எழுத்துக் கலைஞர் ஓர் ஆண்டேடு தயாரித்துக் கொடுத்தார். மூல ஏடு அழிந்துவிட்டது, நகல்கள் உண்டு. அதிலுள்ள அரசு விழா நாட்காட்டியில் டிசம்பர் 25-க்கு நேரே "வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்" என்று இருக்கிறது. வெல்லப்படாதவன் என்பது சூரியனின் பட்டம். அதே ஏட்டில் வேறொரு பகுதி, இரத்தசாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட நாட்களின் பட்டியல். அதன் தொடக்கத்தில், அதே தேதிக்கு, கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்று எழுதியிருக்கிறது. இந்தப் பட்டியல் 336-லேயே தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆக, சூரியன் விழாவுக்கு டிசம்பர் 25 என்று சொல்லும் மிகப் பழைய ஏடும், கிறிஸ்து பிறப்புக்கு அந்தத் தேதியைச் சொல்லும் மிகப் பழைய ஏடும் ஒன்றேதான். எது முந்தியது என்று அந்த ஏட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பேரரசன் அவுரேலியன் 274-ல் ரோமில் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டித் திறந்தது வரலாறு. அந்தத் திறப்பு டிசம்பர் 25-ல் நடந்தது என்று அக்காலத்தவர் யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அதே நாட்காட்டியில் சூரியனுக்கான பெரிய விழா அக்டோபர் 19 முதல் 22 வரை வருகிறது, கடைசி நாளில் 36 பந்தயங்கள். டிசம்பர் நாள் அதைவிடச் சிறியது.

எதிர்த்தரப்பு வாதம் வேறு. வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கி.பி. 200 வாக்கில் இயேசு மரித்த நாளை மார்ச் 25 என்று கணக்கிட்டு எழுதினார். அதே மார்ச் 25-தான் அவர் கருவில் உருவான நாளும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் இரண்டு நாளும் ஒன்று என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் மரித்த நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள், அங்கிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. அர்மேனியச் சபை இன்றும் ஜனவரி 6-ல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி துஷேன் 1889-ல் இந்தக் கணக்கை முன்வைத்தார். சூரியன் வாதம் விளக்காமல் விடுகிற அந்த ஜனவரி 6-ஐயும் இது விளக்கிவிடுவதுதான் இதன் பலம்.

சபை வேண்டுமென்றே சூரியன் விழாவின் நாளை எடுத்தது என்று நேரடியாகச் சொல்கிற பழைய எழுத்து உண்டா? உண்டு: 12-ஆம் நூற்றாண்டின் சிரியாக் எழுத்தாளர் ஒருவரின் ஏட்டில் ஓரத்தில் எழுதிய குறிப்பு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதற்கும் குறிப்புக்கும் நடுவே 800 ஆண்டுகள். எங்கள் கணிப்பில் ஒன்பது மாதக் கணக்கு கொஞ்சம் கனமான வாதம். அதற்காகச் சூரியனைக் கதையிலிருந்து துரத்திவிடவும் முடியாது. ரோமானியர் மார்ச் 25-ஐப் பகலும் இரவும் சமமாகும் நாள் என்றும் டிசம்பர் 25-ஐச் சூரியன் திரும்பும் நாள் என்றும் குறித்துவைத்திருந்தார்கள். கணக்குப் போட்ட கிறிஸ்தவர்களுக்கு அந்தத் தேதிகள் இனித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஐந்தாம் நூற்றாண்டில் போப் லியோ, புனித பேதுரு ஆலயப் படிக்கட்டில் ஏறித் திரும்பி நின்று உதயசூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருகிற கிறிஸ்தவர்களைப் பிறப்பு விழாப் பிரசங்கத்திலேயே கண்டிக்கிறார்.

ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற தேவன் டிசம்பர் 25-ல் கன்னியிடம் பிறந்தான் என்று செய்தியில் வருகிற வரியைத் தயங்காமல் அழித்துவிடுங்கள். ரோமானியச் சிற்பங்களில் மித்ரா பாறையிலிருந்து வளர்ந்த ஆளாக வெளிவருகிறான். அவனுக்கு டிசம்பர் 25 என்று சொல்லும் பழைய எழுத்து ஒன்றும் கிடையாது.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 என்று மகளின் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. ரோமானியர் 25 என்றார்கள் என்கிறீர்கள். நாம் தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம். எது சரி?
— சத்துவாச்சாரி வாசகி

வானத்தில் சரி, பள்ளிப் புத்தகம். மற்ற இரண்டும் ஒருகாலத்தில் ஏறக்குறைய சரியாக இருந்து பிறகு நகர்ந்தவை.

ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி கி.மு. 45-ல் வந்தது. அதில் ஓர் ஆண்டு 365 நாள் 6 மணி. பருவங்களின் ஆண்டு உண்மையில் சுமார் 11 நிமிடம் குறைவு. அந்த 11 நிமிடம் சேர்ந்து சேர்ந்து 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். அதனால் நான்காம் நூற்றாண்டிலேயே சூரியன் திரும்புவது 21-ஐ ஒட்டி வந்துவிட்டது, விழா மட்டும் 25-ல் நின்றது. 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாட்களை வெட்டி எறிந்தபோது, கணக்கை பிஷப்களின் நைசியா சங்கம் கூடிய 325-ஆம் ஆண்டு நிலைக்குத்தான் கொண்டுவந்தார். சீசர் காலத்துக்குக் கொண்டுபோயிருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் வெட்டியிருக்க வேண்டும்.

நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டை அளக்கிறது. அது பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். மகர சங்கராந்தியும் சூரியன் திரும்புவதும் ஒன்றாக இருந்தது மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில். அன்றிலிருந்து விலகி விலகி இன்று இடைவெளி 24 நாள். டிசம்பர் 21-ம் தைப்பொங்கலும் அவ்வளவு தள்ளி நிற்பது இதனால்தான்.

மகளுக்கு மொட்டைமாடியிலேயே காட்டலாம். நேரான ஒரு மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு, ரசமட்டம், அளவுநாடா போதும். மாடித் தரையில் நேரடியாக நடாதீர்கள். மழைநீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள், அளவு கெட்டுவிடும். ஒரு பலகையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, அதன்மேல் குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்துங்கள். வேலூரில் உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்கு வராது. நம் கடிகாரம் அலகாபாத்துக்கு (இன்று பிரயாக்ராஜ்) அருகே போகும் தீர்க்கரேகைக்கானது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். டிசம்பர் 21-ல் இங்கே உச்சி சுமார் 12.12-க்கு, பொங்கலன்று சுமார் 12.22-க்கு. நிழல் டிசம்பர் 21-ல் 73, 74 சென்டிமீட்டர் இருக்கும், பொங்கலன்று 68. நிழல் மிக நீளமாக விழும் நாள்தான் திரும்பும் நாள். பொங்கலுக்குள் சூரியன் திரும்பி ஐந்தாறு சென்டிமீட்டர் நடந்தாயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். நிழலின் நுனி கூர்மையாக விழாது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மங்கலாகவே இருக்கும். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டாக இருப்பதால் வருகிற மங்கல் அது. டிசம்பர் 18-க்கும் 25-க்கும் நடுவே நிழல் மாறுவதோ ஓரிரு மில்லிமீட்டர். அந்த மங்கலுக்குள் இந்த வித்தியாசம் முழுகிவிடும். குச்சி மட்டும் வைத்திருந்த பழங்காலத்தார் திரும்பும் நாளைச் சுட்டிச் சொல்வதில் ஓரிரு நாள் தடுமாறியதை இதைச் செய்துபார்த்தவர்கள் குறைசொல்ல மாட்டார்கள்.

பரிசு கொடுப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் சாட்டர்னேலியா என்ற ரோமானியக் குடிவெறித் திருவிழாவிலிருந்து வந்தவை என்று எங்கள் இளைஞர் ஐக்கியத்தில் ஒரு தம்பி சொல்லிவிட்டார். கீத பவனிக்குப் போகவே பிள்ளைகள் யோசிக்கிறார்கள்.
— ஆம்பூர் வாசகர்

அந்தத் தம்பி சொன்னதில் பழசு இருக்கிறது, இடம்தான் சற்றுத் தவறு.

சாட்டர்னேலியா சனித்தேவனுக்கான விழா. டிசம்பர் 17-ல் தொடங்கும். முதலில் ஒரே நாள், பிறகு நீண்டு 23 வரை போயிற்று. நீதிமன்றமும் பள்ளியும் மூடும். அடிமைகளுக்கு எஜமானர்களோடு விருந்து. விடுதலை பெற்ற அடிமை அணியும் கம்பளித் தொப்பியை எல்லோரும் போட்டுக்கொள்வார்கள், வெளிப்படையாகச் சூதாடலாம். மெழுகுவர்த்தியும் சிறு மண்பொம்மையும் பரிசாகக் கைமாறும். பரிசும் மெழுகுவர்த்தியும் இருந்தது உண்மையே. ஆனால் அந்த விழா 25-க்கு முன்பே முடிந்துவிடும்.

கிறிஸ்மஸ் காலத்தோடு உண்மையில் உரசி நின்றது ஜனவரி முதல் தேதி விழா. வாசலில் இலைத்தோரணமும் விளக்கும், வீடு வீடாகப் பரிசு, ஆடிப்பாடி வசூல் எல்லாம் அதில் உண்டு. கி.பி. 400-ஆம் ஆண்டு புத்தாண்டன்று அமாசியாவின் பிஷப் அஸ்தேரியஸ் செய்த பிரசங்கம் முழுக்கவே அந்த விழாவைத் திட்டித்தான். பரிசு என்ற பெயரில் வசூல்வேட்டை நடக்கிறது, வாங்கியவன் மேலே இருப்பவனுக்குக் கொடுத்தாக வேண்டும், குழந்தைகள் பேராசை பழகுகிறார்கள் என்று எரிந்து விழுகிறார். அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே தெர்த்துல்லியன், கிறிஸ்தவர் வீட்டு வாசலில் ஏன் விளக்கும் இலையும் தொங்குகின்றன என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்துப் போதகர்கள் எதிர்த்து எழுதினார்கள் என்பதே விசுவாசிகள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று. ஆக விளக்கு, பச்சை இலை, பரிசு மூன்றும் கிறிஸ்தவத்துக்கு முந்திய குளிர்காலப் பழக்கங்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். செய்தியில் வருகிற மற்றவற்றைவிட இதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் செய்தியில் இதற்கு ஒரு வரிதான்.

கீத பவனிக்கு வருவோம். பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது பல நாடுகளில் பல விழாக்களுக்கு உண்டு. மார்கழி பஜனை கோஷ்டியும் அதையேதான் செய்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தது என்று சொல்ல ஒற்றுமை மட்டும் போதாது.

எரேமியா 10-ல் கிறிஸ்மஸ் மரம் கண்டிக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். நிம்ரோதின் மரம் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் ஆண்டாண்டாகச் சவுக்குக் கிளைதான் நடுகிறோம். விடவேண்டுமா?
— குடியாத்தம் வாசகி

எரேமியா 10:3, 4 மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும்: காட்டில் மரம் வெட்டுகிறார்கள், வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள், அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள். நிறுத்தாமல் ஒன்பதாம் வசனம் வரை படியுங்கள். தச்சன் வாய்ச்சியால் செதுக்குகிறான். செய்த பொருள் பேசாது, நடக்காது, சுமந்துகொண்டு போகவேண்டும். அதற்கு நீல உடையும் இரத்தாம்பரமும் உடுத்துகிறார்கள். மரத்தில் செதுக்கித் தகடு வேய்ந்த சிலையைப் பற்றிய பேச்சு அது. கிளையும் இலையுமாக நிற்கிற மரத்துக்கு யாரும் புடவை கட்டுவதில்லை.

நிம்ரோது, அவன் மனைவி என்று சொல்லப்படும் செமிராமிஸ், பட்ட கட்டையிலிருந்து ஓரிரவில் முளைத்த பசுமரம் என்ற கதைக்குப் பிறப்பிடம் ஸ்காட்லாந்து. அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற போதகர் 1853-ல் துண்டுநூலாகவும் 1858-ல் பெரிய புத்தகமாகவும் எழுதினார். ரோமன் கத்தோலிக்கச் சபையின் எல்லா வழக்கமும் பாபிலோனிலிருந்து வந்தது என்று காட்டுவது அவர் நோக்கம். அவர் சொல்கிற நிம்ரோது குடும்பக் கதைக்குக் களிமண் பலகை எழுத்துகளில் ஆதாரம் இல்லை. பாபிலோனியத் தேவன் தம்மூஸ் டிசம்பர் 25-ல் பிறந்தவன் என்பதும் இதே சரக்கு. பாபிலோனியர் தம்மூஸுக்கு அழுத மாதம் கோடைகாலத்தில் வருவது. அமெரிக்காவில் ரால்ஃப் உட்ரோ என்ற போதகர் ஹிஸ்லப்பை நம்பி 1966-ல் புத்தகம் போட்டார், நன்றாக விற்றது. பிறகு ஆதாரங்களைத் தேடிப்பார்த்துவிட்டு அதைத் தாமே நிறுத்திக்கொண்டு, 1997-ல் மறுப்புப் புத்தகமும் எழுதினார். உங்களுக்கு வந்த செய்தியில் நிம்ரோது பெயர் இருந்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்று இனி தெரிந்துகொள்ளலாம்.

மரத்தின் எழுத்துச் சான்றுகள் ரைன் நதிப் பக்கம் கிடைக்கின்றன. அல்சாஸ் பகுதியின் செலெஸ்டா நகரத்தில் 1521-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கிறிஸ்மஸுக்கு மரம் வெட்டுவோரைக் கண்காணிக்க வனக்காவலருக்கு நான்கு ஷில்லிங் செலவு எழுதியிருக்கிறது. 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வீட்டுக் கூடத்தில் மரம் நிறுத்தி, காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், பொன்தாள், மிட்டாய் தொங்கவிட்டதை ஒருவர் எழுதி வைத்தார். ஆப்பிளுக்குக் காரணம் உண்டு. டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நினைவுநாள். அன்றைய நாடகங்களில் ஏதேன் தோட்டத்துக்கு அடையாளமாக ஆப்பிள் கட்டிய பசுமரத்தை மேடையில் நிறுத்துவார்கள். மரம் அங்கிருந்து வீட்டுக்குள் வந்தது என்பது பொருந்துகிற விளக்கம். போனிஃபாஸ் என்ற மிஷனரி எட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டில் இடித்தேவனின் ஓக் மரத்தை வெட்டினார் என்பது அவருடைய பழைய வாழ்க்கை வரலாற்றிலேயே உண்டு. வெட்டிய மரத்தில் சிறுகோயில் கட்டினார் என்கிறது. அந்த இடத்தில் ஊசியிலை மரக்கன்று முளைத்தது என்பது பிற்காலத்தார் ஒட்டியது. இங்கிலாந்துக்கு மரம் போனது இன்னும் தாமதம்: 1800-ல் வின்ட்சரில் அரசி ஷார்லட் ஒன்று வைத்தார், 1848-ல் விக்டோரியா குடும்பத்தின் மரம் பத்திரிகையில் படமாக வந்தபிறகுதான் ஊரெல்லாம் பரவியது.

உங்கள் சவுக்கோ ஊசியிலை மரமே கிடையாது. ஊசி போலத் தெரிவது பச்சைக் குச்சி, உண்மையான இலை அதன் கணுக்களில் செதில் மாதிரி ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலியா, தென்கிழக்காசியாப் பக்கத்து மரம், வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காக இங்கே தோப்பு போட்டார்கள். ஜெர்மானியத் தேவர்கள் யாரும் அதைப் பார்த்ததுகூட இல்லை.

நடும் முறையில் கவனம் வையுங்கள். ஐந்தாறு அடிக் கிளைக்கு 15 லிட்டர் வாளியாவது வேண்டும். அடியை ஓர் அங்குலம் புதிதாக அறுத்துவிட்டு உடனே ஈரமணலில் இறக்குங்கள். அறுத்து வெயிலில் போட்ட கிளை பிறகு தண்ணீர் இழுக்காது. சுற்றிச் செங்கல் துண்டுகளைத் திணித்தால்தான் வாளி கவிழாமல் நிற்கும், பாதி உயரத்தில் சணல் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவது இன்னும் நல்லது. 20-ஆம் தேதிக்கு முன் நடவேண்டாம், ஒரு வாரத்தில் காய்ந்து கொட்டத் தொடங்கிவிடும். காய்ந்த சவுக்கு அடுப்புக்குப் போகிற பொருள் என்பதை மறக்காதீர்கள். பனி என்று பஞ்சு ஒட்டி, அதன்மேல் பழைய குண்டு பல்பு சீரியல் செட் சுற்றுவதுதான் தீப்பிடிக்கும் வழி. எல்.இ.டி. செட் வாங்குங்கள், ஒயர் ஒட்டுகளைப் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள், படுக்கும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

மாமரத்துப் புல்லுருவியும் கிறிஸ்மஸுக்கு வெள்ளைக்காரர்கள் கட்டும் மிசில்டோவும் ஒன்றா? அதை மந்திரவாதிகள் வெட்டுவார்களாமே?
— சோளிங்கர் வாசகர்

உறவு, ஒரே செடி இல்லை. இரண்டும் மரத்தின்மேல் வேர் இறக்கி உறிஞ்சுபவை, இரண்டும் பறவை தின்று துப்பிய ஒட்டும் விதையால் பரவுபவை. ட்ரூயிட் என்ற பூசாரிகள் நிலவின் ஆறாம் நாளில் வெள்ளுடை உடுத்தி, பொன் அரிவாளால் ஓக் மரத்து மிசில்டோவை அறுத்து, இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிட்டதாக ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். அது குளிர்கால விழா என்று அவர் சொல்லவில்லை. அதன் கீழே முத்தமிடும் இங்கிலாந்து வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. நடுவில் 1,600 ஆண்டு வெற்றிடம். உங்கள் மாமரத்தில் இருந்தால் பிடித்த இடத்துக்கு ஒரு அடி கீழே கிளையோடு அறுத்து எறியுங்கள், புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும்.

கார்த்திகைக்கு நாம் சொக்கப்பனை கொளுத்துகிறோம். ஐரோப்பாவில் கிறிஸ்மஸுக்குப் பெரிய கட்டையைக் கொளுத்துகிறார்களாம். இரண்டுக்கும் மூலம் ஒன்றாக இருக்குமா?
— திருவண்ணாமலை வாசகர்

அந்தக் கட்டையைப் பற்றி இங்கிலாந்தில் தெளிவாகக் கிடைக்கும் முதல் எழுத்து 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் ஹெரிக்கினுடையது. பனிகொட்டும் ஊரில் பன்னிரண்டு நாள் விடுமுறைக்குப் பெரிய கட்டையை அடுப்பில் தள்ளுவதற்குத் தேவர்கள் தேவையில்லை, குளிர் போதும்.

கிறிஸ்தவத்துக்கு முந்திய யூல் என்ற குளிர்கால விழா வடநாட்டில் இருந்தது மட்டும் நிச்சயம். பீட் என்ற துறவி 725-ல் எழுதிய காலக்கணக்கு நூலில், பழைய ஆங்கிலேயர் டிசம்பர் 25-ல் "அன்னையரின் இரவு" கொண்டாடியதாகச் சொல்கிறார். நார்வே அரசன் ஹாக்கன் பத்தாம் நூற்றாண்டில் யூல் விழாவைக் கிறிஸ்மஸ் நாளுக்கு மாற்றச் சட்டம் போட்டான் என்கிறது பிற்கால வரலாறு ஒன்று. கவனியுங்கள், அங்கே நகர்ந்தது புறசமய விழா, கிறிஸ்மஸ் நகரவில்லை. செய்தியில் சொல்வதற்கு நேர் எதிர்.

சொக்கப்பனை கார்த்திகைப் பௌர்ணமிக்குரியது. சந்திரனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருவது, சூரியன் திரும்பும் நாளோடு அதற்குத் தொடர்பில்லை. இருட்டு நீளும் மாதத்தில் நெருப்பு மூட்ட இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதில்லை.

கிறிஸ்மஸ் தாத்தாவும் ஓடினும் ஒன்றா? சிவப்பு உடை ஒரு குளிர்பானக் கம்பெனி கொடுத்ததா?
— அரக்கோணம் வாசகர்

இரண்டுக்கும் இல்லை. தாத்தாவுக்கு மூலம் இன்றைய துருக்கியில் மீரா என்ற ஊரின் நான்காம் நூற்றாண்டு பிஷப் நிக்கோலா, நினைவுநாள் டிசம்பர் 6. அவர் எலும்புகளை 1087-ல் இத்தாலியின் பாரிக்குக் கொண்டுபோனார்கள். டச்சுக்காரர் வழியாக அந்த வழக்கம் அமெரிக்கா போய், 1823-ல் நியூயார்க் மாநிலப் பத்திரிகை ஒன்றில் வந்த கவிதையில் எட்டுக் கலைமான் வண்டி ஏறி, 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வரைந்த படங்களில் தொப்பை போட்டது. கோகோகோலா விளம்பரம் 1931-ல் வந்தபோது சிவப்பு உடை ஏற்கெனவே இருந்தது, அவர்கள் அதை உலகமெல்லாம் ஒட்டினார்கள். ஓடினின் குதிரைக்கு எட்டுக் கால், தாத்தாவுக்கு எட்டு மான் என்பதைத் தவிர ஓடின் தரப்புக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வாசலில் தொங்கவிடும் நட்சத்திரமும் சூரிய வழிபாடாம். கழற்றிவிடவா?
— வாணியம்பாடி வாசகி

வேண்டாம். கூம்புக் கூம்பாக நிற்கிற அந்தக் காகித நட்சத்திரம் ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரின் மொராவியன் சபைப் பள்ளியில் 1830-களில் மாணவர்களுக்கு வடிவியல் பயிற்சியாகச் செய்தது. 1897-ல் ஹெர்ன்ஹூட்டில் விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார்கள். நம்மூர் ஐந்துமுனை நட்சத்திரம் அதன் எளிய தம்பி. மழைக்கு நனையாத பிளாஸ்டிக் தாள் வாங்குங்கள், உள்ளே 5 வாட் எல்.இ.டி. தாராளம்.

எல்லாம் சரி, கொண்டாடலாமா கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
— வேலூர், தோட்டப்பாளையம் வாசகர்

ஒரே வரியில் சொல்கிறவர்களால்தான் இத்தனை கடிதம் வந்தது. இந்தக் கேள்வியில் சபைகளே இரண்டுபட்டன என்பதை மட்டும் சொல்கிறோம். 601-ல் போப் முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்குப் போகிற மெலித்து என்ற மிஷனரிக்கு எழுதிய கடிதத்தில், சிலைகளை அழியுங்கள், கோயில் கட்டடங்களை இடிக்காதீர்கள், மக்கள் மாடு வெட்டி விருந்துண்ணும் பழக்கத்தைத் தேவனுக்கு நன்றிசொல்லும் விழாவாக மாற்றிவிடுங்கள் என்கிறார். அதற்கு எதிர்க்கோடியில் ஸ்காட்லாந்து 1640-லும் இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-லும் கிறிஸ்மஸை ஒழித்தன. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். வேதத்தில் அந்த நாள் இல்லை என்பதே அவர்கள் முதல் காரணம்.

நம் மண்ணுக்கு நெருக்கமான செய்தி ஒன்று. 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கட்டர் சகோதரர்களின் சபை டச்சுச் சீர்திருத்த வழியில் வந்தது. ஸ்காட்லாந்தாரைப் போலவே சீர்திருத்தவாதி கால்வின் வழியினர்தான். ஆனால் 1618–19-ல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கத்தின் சபை ஒழுங்கில், ஞாயிற்றுக்கிழமையோடு கிறிஸ்மஸையும் ஆசரிக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஒரே வேதம், ஒரே குரு, முடிவு இரண்டு. உங்கள் முடிவை ரோமர் 14-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு நீங்களே எடுங்கள். வாட்ஸ்அப் படித்துவிட்டு வேண்டாம்.

குடிலுக்குள் புல்தரையாகக் கேழ்வரகு முளைவிட்டு வைக்கிறோம். அது முளைப்பாரி, அம்மன் வழிபாடு என்று மருமகள் வீட்டார் ஆட்சேபிக்கிறார்கள். மேலும், போன வருடம் பாதித் தட்டு அழுகிவிட்டது. இரண்டுக்கும் பதில் தேவை.
— போளூர் வாசகி

முளைப்பாரியில் விரதம் இருந்து விதை போடுவதும், கும்மி கொட்டுவதும், ஊர்வலமாகப் போய் நீரில் கரைப்பதும்தான் வழிபாடு. தட்டில் விதை முளைப்பது மட்டும் வழிபாடாகாது. தெற்குப் பிரான்சில் டிசம்பர் 4, பர்பரா நினைவுநாளில், கிண்ணங்களில் கோதுமை ஊறவைத்து முளைவிட்டுக் கிறிஸ்மஸ் மேசையில் வைக்கிறார்கள். பழைய கிரேக்கர் அதோனிஸ் தேவனுக்காக ஓட்டுத்துண்டுகளில் கீரை விதை முளைக்கவிட்டார்கள், அது கோடையில். மூன்றையும் ஒரு கயிற்றில் கோக்கச் சான்று இல்லை. குடில் என்ற வழக்கத்துக்கோ தேதி தெளிவு: 1223, இத்தாலியின் கிரேச்சோ, அசிசி பிரான்சிஸ். சம்பந்தி வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த இடத்தில் வைக்கோல் பரப்பினாலும் குடில் குடில்தான்.

அழுகியதற்குக் காரணம் பெரும்பாலும் விதை நெரிசல். ஓர் அடிக்கு ஒன்றேகால் அடித் தட்டுக்கு 50 கிராம் கேழ்வரகு போதும், அள்ளிக் கொட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். தட்டின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். எட்டு மணிநேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். செம்மண்ணும் சலித்த தொழு உரமும் சரிபாதி கலந்து ஓர் அங்குலம் பரப்பி, முளையை ஒரே அடுக்காகத் தூவி, மேலே மண் தெரிந்தும் தெரியாமலும் போடுங்கள். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள், காலையும் மாலையும் போதும். இரண்டு நாள் செய்தித்தாளால் மூடி வைத்து, மூன்றாம் நாள் ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். அதற்குமேலும் இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். எறும்பு விதையைத் தூக்கும், தட்டைச் சுற்றி மஞ்சள்தூள் கோடு போடலாம்.

மார்கழிப் பனியில் முளைப்பு மந்தம். 24-ஆம் தேதி இரண்டு அங்குலம் வேண்டுமானால் 12-ஆம் தேதியே ஊறவையுங்கள், நெல் என்றால் இன்னும் நான்கு நாள் முன்னதாக. மூவரசர் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது பச்சையை மாட்டுக்குப் போடலாம். பூஞ்சை பிடித்த தட்டை மட்டும் போடவேண்டாம், குப்பைக்குழிக்கு அனுப்புங்கள்.